டயாலிசிஸும் இரத்தப் புரதமும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கிட்னி பற்றி ஏதாவது பேசுங்க, எல்லாருக்கும் பயன்படும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. இங்கே வேதியியல் படித்தேன். பிறகு உயிர்வேதியியல். அதன் பிறகு முப்பது வருஷமாக மருத்துவமனை லேபில் டெஸ்ட் டியூபும் கையுமாக இருக்கிறேன். ஆகவே எந்த மாத்திரை, எவ்வளவு தண்ணீர் என்பதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நான் ஒரே ஒரு பொருளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதன் பெயர் ஆல்புமின். நம் இரத்தத் திரவத்தில் அதிகமாக இருக்கும் புரதம். ஆரோக்கியமானவருக்கு 100 மில்லியில் 3.5 முதல் 5 கிராம் வரை இருக்கும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் குடும்பத்தார் ரிப்போர்ட் வாங்க லேபுக்கு வருவார்கள். கவுண்டரில் கேட்கும் முதல் கேள்வி, "கிரியேட்டினின் எவ்வளவுங்க?" பரீட்சை மார்க் கேட்பது போலக் கேட்பார்கள். குறைந்திருந்தால் முகம் மலரும். ஆல்புமின் எவ்வளவு என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் 1990ல் லவ்ரி, லூ என்ற இருவர் அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகள் 12,000 பேருக்கு மேல் எடுத்து, எந்த இரத்தப் பரிசோதனை உயிராபத்தை முன்கூட்டிச் சொல்கிறது என்று பார்த்தார்கள். முதலிடம் ஆல்புமினுக்கு. 4 கிராமுக்கு மேல் இருந்தவர்களைவிட, 3.5க்கும் 4க்கும் நடுவில் இருந்தவர்களுக்கே ஆபத்து கூடுதல். கீழே போகப் போக அது ஏறிக்கொண்டே போனது. இதே ஆய்வில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டயாலிசிஸ் நோயாளிகளில் கிரியேட்டினின் குறைவாக இருந்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள்! கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்துபோனவருக்கு அது குறையத்தானே செய்யும்? கவுண்டரில் முகம் மலர்ந்தவர்களை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

சரி, டயாலிசிஸ் ஏன் ஆல்புமினைத் தொடுகிறது? இது வேதியியல்காரர்களின் கதை. தாமஸ் கிரஹாம் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் 1861ல் "டயாலிசிஸ்" என்ற சொல்லை வேதியியலுக்குக் கொண்டுவந்தார். தாவரக் காகிதத்தோல் சவ்வை ஒரு வளையத்தில் கட்டி, நீரில் மிதக்க விட்டு, மேலே சிறுநீரை ஊற்றினார். யூரியா கீழே இறங்கியது. கூழ்மப் பொருட்கள் மேலேயே தங்கின. இரண்டாமாண்டு ஆய்வகத்தில் நாம் செய்த அதே விஷயம். 1943ல், நெதர்லாந்து நாஜிகளின் பிடியில் இருந்தபோது, காம்பன் என்ற சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர், கறித்தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்பட்ட செல்லோஃபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றி, அதற்குள் மனித இரத்தத்தை ஓட விட்டார். முதலில் வந்த நோயாளிகளில் அநேகமாக எல்லாரும் இறந்துபோனார்கள். 1945ல் 67 வயது அம்மா ஒருவர் கண் விழித்தார். இன்று நம் ஊரில் பார்க்கும் டயாலிசிஸ் மெஷின்கள் எல்லாம் அந்த உருளையின் வாரிசுகள்தான்.

எல்லாமே சல்லடை கணக்கு. யூரியாவின் மூலக்கூறு எடை 60. கிரியேட்டினின் 113. ஆல்புமின் 66,000க்கு மேல். ரவையையும் தேங்காயையும் பிரிப்பது போல, இதில் சிரமமே இல்லை. சிரமம் நடுவில் இருப்பவற்றால் வந்தது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்று ஒரு சிறிய புரதம், எடை 11,800. பழைய சல்லடையில் அது போகாது. வருஷக்கணக்காக டயாலிசிஸ் செய்தவர்களுக்குக் கை மரத்துப்போவது, தோள் வலி, மூட்டில் படிவு என்று வந்தது. அந்தப் படிவு இந்தப் புரதம்தான் என்று 1985ல் ஜப்பானில் கெஜ்யோவும் அவருடன் இருந்தவர்களும் கண்டுபிடித்தார்கள். இதற்குச் சல்லடையின் கண்ணைப் பெரிதாக்க வேண்டும். அதுதான் ஹை ஃப்ளக்ஸ் டயலைசர். கண்ணைப் பெரிதாக்கினால் 11,800 போகும். 66,000மும் எட்டிப் பார்க்கும். இன்று வரை டயலைசர் செய்பவர்களின் தலைவலி இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. இப்போது வந்திருக்கும் மீடியம் கட்-ஆஃப் வகையில் ஒரு அமர்வுக்குச் சில கிராம் ஆல்புமின் போகிறது. தெரிந்தே விடுகிறார்கள், கெட்டதும் கூடப் போகட்டும் என்று. அதில் நியாயமும் உண்டு. ஹீமோடயாஃபில்ட்ரேஷன் என்ற முறையிலும் ஆல்புமின் இழப்பு சற்றுக் கூடுதல். ஆனாலும் 2023ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், 1,300க்கும் மேற்பட்டவர்களில், அந்த முறையை அதிக அளவில் பெற்றவர்களுக்கு இறப்பு ஆபத்து 23 சதவீதம் குறைந்தது. ஆகவே கொஞ்சம் ஆல்புமின் போனாலே ஆள் போய்விடுவார் என்று பயப்பட வேண்டாம்.

சாதாரண ஹீமோடயாலிசிஸில், அதாவது கையில் ஃபிஸ்டுலா வைத்து மெஷினில் நாலு மணி நேரம் செய்வதில், முழுப் புரதம் அதிகம் போவதில்லை. அதன் செங்கற்கள் போகின்றன. அமினோ அமிலங்கள் ஒவ்வொரு முறையும் சுமார் 6 முதல் 12 கிராம் வரை. போதாக்குறைக்குச் சவ்வே உடம்பைச் சீண்டுகிறது. பழைய செல்லுலோஸ் சவ்வில் இரத்தம் பட்டதும் காம்ப்ளிமெண்ட் என்ற தற்காப்புப் புரதங்கள் விழித்துக்கொள்ளும். 1990ல் சுவீடன்காரர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நோயே இல்லாத ஆரோக்கியமானவர்களின் இரத்தத்தை அந்தச் சவ்வின் வழியே சும்மா ஓட விட்டார்கள். மறுபக்கம் நீரே கிடையாது, எதுவும் கழுவப்படவில்லை. அப்படியும் சில மணி நேரத்தில் கால் தசையிலிருந்து அமினோ அமிலம் கரைந்து வந்தது. சவ்வைத் தொட்டதற்கே அந்த விலை! இன்றைய செயற்கைச் சவ்வுகள் எவ்வளவோ சாது. ஆனால் ஃபிஸ்டுலாவுக்குப் பதில் கழுத்தில் கதீட்டர், அதில் கிருமி, சொத்தைப் பல், சுத்தமில்லாத ஆர்.ஓ. தண்ணீர் என்று அழற்சிக்கு வேறு வாசல்கள் இருக்கின்றன. அழற்சி வந்தால் கல்லீரல் ஆல்புமின் செய்வதைக் குறைத்துவிட்டு, சி.ஆர்.பி., ஃபைப்ரினோஜன் முதலான அவசரப் புரதங்களைச் செய்யத் தொடங்கும். நன்றாகச் சாப்பிடுகிறவருக்கும் ஆல்புமின் ஏறாததற்கு இது பெரிய காரணம்.

அடுத்து, நம் நாட்டு விஷயம் ஒன்று. இங்கே பல மையங்களில் ஒரே டயலைசரைக் கழுவி, அதே நோயாளிக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ரீயூஸ் என்பார்கள். செலவை நினைத்துச் செய்வது, அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. கழுவியபின் நாரிழைகளுக்குள் எத்தனை மில்லி நீர் பிடிக்கிறது என்று அளந்து, ஆரம்ப அளவில் 80 சதவீதத்துக்குக் குறைந்தால் தூக்கிப் போடுவார்கள். நல்ல விதிதான். ஆனால் எதைக் கொண்டு கழுவுகிறார்கள்? பாலிசல்ஃபோன் சவ்வைப் பிளீச்சால் கழுவினால் ஒட்டிய புரதம் எல்லாம் பளிச்சென்று போய்விடும், கொள்ளளவும் அருமையாக நிற்கும். கூடவே சவ்வைச் சீராக்கச் சேர்த்திருந்த பி.வி.பி. என்ற பாலிமரும் கரையும், கண்கள் பெரிதாகும். தடவைகள் கூடக்கூட ஆல்புமின் ஒழுக்கு ஏறுவதை 1995ல் அமெரிக்காவில் அளந்து காட்டினார்கள். 80 சதவீத விதிக்கு இது கண்ணில் படவே படாது. டயலைசர் பாஸ், நோயாளி ஃபெயில்! பெராசெட்டிக் அமிலத்தில் இந்த ஒழுக்கு இல்லை. ஆனால் புரதம் சவ்வில் படிந்து நின்றுவிடும், பீட்டா-2 வெளியேறுவது குறையும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. என் எண்ணம் என்ன என்றால், நோயாளியின் குடும்பம் டெக்னீஷியனிடம் இரண்டே கேள்வி கேட்க வேண்டும்: "இது எத்தனாவது தடவைங்க? எதில் கழுவுறீங்க?" மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி வயிற்று டயாலிசிஸ். சி.ஏ.பி.டி. என்பார்கள். 1976ல் அமெரிக்காவில் மான்கிரிஃப், பாப்போவிச் இருவரும் வகுத்த முறை. மெஷின் கிடையாது, வயிற்றின் உட்சவ்வே சல்லடை. வீட்டிலேயே நாளுக்கு மூன்று நாலு பை திரவம் விட்டு எடுக்க வேண்டும். மையத்துக்கு வாரம் இரண்டு மூன்று முறை பஸ் பிடிக்க வேண்டியதில்லை என்பது கிராமத்துக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை! மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016ல் தொடங்கியது. 2019ல் இந்த முறையும் அதில் சேர்ந்தது. ஆனால் உட்சவ்வின் கண்ணை எந்தக் கம்பெனியும் தயாரிக்கவில்லை. அதன் வழியே ஆல்புமின், ஐ.ஜி.ஜி. எல்லாம் தினமும் ஒழுகும். நாளொன்றுக்கு 5 முதல் 15 கிராம் வரை. வயிற்றில் கிருமி தொற்றினால் இன்னும் அதிகம். அதோடு திரவத்தில் உள்ள குளுக்கோஸ் நாளுக்கு 100 முதல் 200 கிராம் வரை உடம்புக்குள் ஏறும். பசி மந்தமாகும். புரதம் அதிகம் தேவைப்படுகிறவருக்கே சாப்பாடு இறங்காது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். தையல்காரர், 52 கிலோ. இந்த முறையில் ஒரு வருஷமாக இருந்தவர். ஆல்புமின் 2.6. ஒரு நாள் முழுக்க வெளியேறிய திரவத்தை லேபுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார் டாக்டர். அவர் மனைவி இரண்டு பெரிய கேன்களில் சுமந்துகொண்டு வந்தார். ஒன்பது லிட்டர். லிட்டருக்கு ஒரு கிராம் புரதம், ஆக ஒன்பது கிராம். அந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "என்னம்மா சாப்பிடறார்?" "ரொம்ப பத்தியமா வச்சிருக்கேன் சார். பருப்பு இல்ல, முட்டை இல்ல, பால் கால் டம்ளர்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அடுப்படியில ஒட்டி வச்சிருக்கேன்." சீட்டு உண்மைதான். ஆனால் டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் எழுதியது. அப்போது கிட்னியின் பாரத்தைக் குறைக்க, கிலோவுக்குச் சுமார் 0.6 கிராம் புரதம் என்று கட்டுப்படுத்தியிருந்தார்கள். அது சரியான வைத்தியம். 52 கிலோவுக்கு 31 கிராம். டயாலிசிஸ் தொடங்கியபின் வேண்டியது கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது 52 முதல் 62 வரை. அவர் 31 சாப்பிட்டு 9 வெளியே விட்டுக்கொண்டிருந்தார். மனைவி காட்டிய அக்கறைதான் அவரைப் பட்டினி போட்டது. சீட்டை மாற்ற வேண்டும் என்று அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

டயட்டீஷியன் புதுச் சீட்டு எழுதினார். முட்டை வெள்ளைக்கரு நாளுக்கு நாலு. ஒன்றில் மூன்றரை கிராம் புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. ஒழுகும் ஒன்பது கிராமுக்கு மூன்று வெள்ளைக்கருவே சரியாகிவிடும். வாரத்தில் சில நாள் மீன், பகலில் தயிர். நாலு மாதத்தில் 2.6 என்பது 3.1 ஆனது. அதற்கு மேல் ஏறவில்லை, ஒழுக்கு நிற்காதே. ஆனால் மறுபடி தையல் மெஷினில் உட்கார்ந்தார். சைவக்காரர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பருப்பு, பால், பனீர், சோயா உண்டு. ஆனால் பொட்டாசியம், பாஸ்பரஸ் கணக்கும் கூடவே வரும். அதற்கு டயட்டீஷியன்தான் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் போதாது.

இப்போது வேதியியல் மாணவர்களுக்காக ஒன்று. 1828ல் வோலர் அம்மோனியம் சயனேட் செய்யப் போய் யூரியாவைப் பெற்றார் என்று முதல் வருஷத்திலேயே படித்திருப்பீர்கள். மனிதக் கிட்னியோ நாயின் கிட்னியோ இல்லாமலே யூரியா செய்ய முடியும் என்று பெருமையாக பெர்சீலியஸுக்குக் கடிதம் எழுதினார். கிட்னி பழுதானவரின் இரத்தத்தில் அதே வினை திரும்பி ஓடுகிறது. தேங்கிய யூரியா கொஞ்சம் கொஞ்சமாக அம்மோனியமாகவும் சயனேட்டாகவும் பிரிகிறது. அந்தச் சயனேட், ஆல்புமினின் லைசீன் முனைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். கார்பமிலேற்றம் என்று பெயர். ஆல்புமின் எண்ணிக்கையில் இருக்கும், குணத்தில் மாறியிருக்கும். 2013ல் வெளிவந்த ஆய்வில், இப்படி மாறிய ஆல்புமின் அதிகம் உள்ள டயாலிசிஸ் நோயாளிகள் அதிகம் இறந்தது தெரிந்தது. இரத்தத்தில் அமினோ அமிலம் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மாற்றம் கூடுதல் என்பதும் தெரிந்தது. தனி அமினோ அமிலங்கள் சயனேட்டைத் தாமே வாங்கிக்கொண்டு ஆல்புமினைக் காக்கின்றன. ஆக, சாப்பாடு இங்கேயும் வந்து நிற்கிறது. போதிய நேரம் டயாலிசிஸ் செய்து யூரியாவை இறக்குவதும்தான். நாலு மணி நேரத்தை மூன்றரையாகச் சுருக்கச் சொல்லி டெக்னீஷியனிடம் கெஞ்சுபவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

கடைசியாக என் சொந்தத் தொழில். ஆல்புமினை லேபில் எப்படி அளக்கிறோம்? ஒரு சாயத்தைச் சேர்த்து நிறம் பார்க்கிறோம். புரோமோகிரெசால் கிரீன் என்பது ஒன்று, புரோமோகிரெசால் பர்ப்பிள் என்பது இன்னொன்று. பச்சைச் சாயம் ஆல்புமினோடு சில குளோபுலின்களையும் பிடித்துக்கொண்டு கூட்டிக் காட்டும். பர்ப்பிள் ஆல்புமினையே பிடிக்கும். ஆனால் கார்பமிலேற்றம் ஆன ஆல்புமினோடு அதற்கு ஒட்டாது, தேங்கிய கழிவுகளும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் டயாலிசிஸ் நோயாளிகளுக்குச் சற்றுக் குறைத்துக் காட்டும். ஒரே இரத்தம், இரண்டு லேப், இரண்டு எண். வித்தியாசம் சுமார் அரை கிராம் வரை போகும். இந்த மாதம் 3.5, அடுத்த மாதம் வேறு லேபில் 3.0 என்றால் குடும்பமே இடிந்துபோகிறது. மாறியது சாயமாக இருக்கலாம். நேரமும் முக்கியம். டயாலிசிஸுக்கு முன் உடம்பில் நீர் தேங்கி இரத்தம் நீர்த்திருக்கும், எண் குறையும். மூன்று லிட்டர் இறக்கியபின் எடுத்தால் எண் ஏறும். நாலு மணி நேரத்தில் ஒரு துளி புது ஆல்புமின் உண்டாகி அல்ல, குழம்பு சுண்டினால் உப்பு கரிப்பது போலத்தான். ஆகவே ஒரே லேப், ஒரே நேரம், டயாலிசிஸுக்கு முன். தவிர, சி.ஏ.பி.டி. செய்பவரின் 3.2யும் மெஷினில் செய்பவரின் 3.2யும் ஒரே கதை சொல்வதில்லை. முதல்வருக்கு ஒழுகிக் குறைந்திருக்கலாம், இரண்டாமவருக்கு அழற்சியால் குறைந்திருக்கலாம். ரிப்போர்ட்டில் எந்த முறை டயாலிசிஸ் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள் என்று டாக்டர்களிடம் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சிலர் எழுதுகிறார்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பந்தி தயாராம். ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள். 

(உரை முடிந்தபின் மூன்றாமாண்டு மாணவி ஒருவர் எழுந்து, "சார், எங்க தாத்தாவுக்கு ஆல்புமின் பாட்டில் ஏத்தச் சொல்றாங்க. ஏத்தினா எண் ஏறிடுமா?" என்று கேட்டார். அதற்கு அளித்த பதில்:)

நல்ல கேள்வி அம்மா. நூறு மில்லி பாட்டிலில் 20 சதவீத ஆல்புமின் என்றால் உள்ளே இருப்பது 20 கிராம். ஒரு பெரியவரின் உடம்பில் மொத்தம் கிட்டத்தட்ட 250, 300 கிராம் இருக்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் இரத்தக் குழாய்க்கு வெளியே திசுக்களில் இருக்கிறது. ஏற்றியதும் எண் கொஞ்சம் ஏறும், பிறகு அது வெளியே பரவிவிடும், ஒழுக்கும் அழற்சியும் அப்படியே இருந்தால் மறுபடி பழைய இடத்துக்கே வரும். டயாலிசிஸின்போது ரத்த அழுத்தம் விழுவது மாதிரி வேறு காரணத்துக்காக டாக்டர் ஏற்றச் சொல்லியிருக்கலாம். அது எதற்காக என்று கேட்டுக்கொள். எண்ணுக்காக மட்டும் என்றால், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் முன், தாத்தா நேற்று என்ன சாப்பிட்டார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டு. எந்த முறை டயாலிசிஸ், கழுத்தில் கதீட்டரா கையில் ஃபிஸ்டுலாவா, டயலைசர் எத்தனாவது தடவை என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்.